எஞ்சிய ஏடும் இழந்த பொருளும்: பேரழிவுக்குப் பிந்தைய அறிவியல் புனைவுகளில் நூற்காப்பு

ஆய்வுச் சுருக்கம்

பேரழிவுக்குப் பின் எஞ்சியோரின் வாழ்வைக் கருவாகக் கொண்ட அறிவியல் நாவல்கள் பெரும்பாலும் உயிர்பிழைத்தல் பற்றிய கதைகளாகவே மதிப்பிடப்படுகின்றன. ஆயினும் இவ்வகையின் முதன்மையான படைப்புகளில் நூல், நூலகம், படியெடுத்தல், வாசிப்பு ஆகியன திரும்பத் திரும்ப மையப் பொருளாக இடம்பெறுகின்றன. 1826 முதல் 2014 வரை ஆங்கிலத்தில் வெளிவந்த ஆறு நாவல்களை எடுத்துக்கொண்டு, அவை நூற்காப்புக் குறித்து எழுப்பும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நூலின் உருவைக் காப்பதும் அதன் பொருளைக் காப்பதும் இருவேறு செயல்கள் என்பதையும், இரண்டும் நிறைவேறிய பின்னரும் அறிவைக் கையாளும் பொறுப்பு தனியொரு வினாவாக எஞ்சுகிறது என்பதையும் இந்நாவல்கள் உணர்த்துகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பேரழிவுப் புனைவு, அறிவியல் நாவல், படியெடுத்தல், பாடவேறுபாடு, உரைமரபு, வாசகச் சமூகம்.

1. முன்னுரை

உலக முடிவைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘அப்போகலிப்ஸ்’ எனும் சொல் கிரேக்க மூலத்தை உடையது. மறைந்திருப்பதைத் திறந்து காட்டுதல் என்பதே அதன் முதற்பொருள். கிறித்தவ மறைநூலின் இறுதிப் பகுதி தமிழில் ‘திருவெளிப்பாடு’ என வழங்குவது இப்பொருளைத் தழுவியதாகும். அழிவு எனும் பொருள் அச்சொல்லுக்குப் பின்னர் வந்து சேர்ந்தது. இவ்விரு பொருள்களும் பேரழிவுப் புனைவுகளில் இணைந்தே இயங்குகின்றன. அவற்றில் உலகம் அழிகிறது. அவ்வழிவினால், அதுவரை இயல்பெனக் கருதப்பட்ட ஏதோவொன்றின் உண்மை நிலை வெளிப்படுகிறது.

அவ்வாறு வெளிப்படுவனவற்றுள் நூலின் நிலையும் ஒன்று. வழக்கமான காலத்தில் நூல், அதைக் கற்பிக்கும் ஆசிரியர், கற்கும் மாணவர், சொற்பொருள் கூறும் அகராதி, அவ்வறிவுக்குப் பயனளிக்கும் சமூகம் ஆகிய அனைத்தும் ஒன்றாகவே காணப்படுவதால், நூல் தானே பொருளுடையது எனும் எண்ணம் தோன்றுகிறது. பேரழிவு நாவல் இவ்வுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்துகிறது. ஆசிரியர் இறந்து நூல் மட்டும் எஞ்சினால் என்னவாகும்? நூல் எஞ்சி மொழி மாறிவிட்டால் என்னவாகும்? பொருள் முழுவதும் மீண்டு, அதனுடன் பழைய அழிவும் மீண்டுவந்தால் என்னவாகும்? இவ்வினாக்களை ஆறு நாவல்களின் வழி வரிசைப்படுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சிதறிய இலைகள்: மேரி ஷெல்லி

மேரி ஷெல்லி 1826இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் மேன்’ (கடைசி மனிதன்) இவ்வகையின் முன்னோடிப் படைப்புகளுள் ஒன்று. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோயொன்று மனித இனத்தை அழிக்கிறது. எஞ்சி நிற்கும் லயோனல் வெர்னி, மனிதரற்ற ரோம் நகரில் அமர்ந்து மனிதகுலத்தின் இறுதி வரலாற்றை எழுதுகிறான். படிப்பதற்கு எவரும் இல்லை என்பதை அறிந்தே எழுதுகிறான். இறந்தோருக்கே அந்நூலைப் படையல் செய்கிறான். எழுதுபவனும் நூலும் இருக்க, வாசகன் மட்டும் இல்லாத நிலை அது.

இந்நாவலின் முகவுரை மேலும் கருதத்தக்கது. 1818இல் நேப்பிள்ஸ் நகருக்கருகே சிபில் எனும் குறிசொல்லியின் குகைக்குச் சென்றவர்கள், பல மொழிகளில் எழுத்துப் பொறித்த இலைகளும் மரப்பட்டைகளும் அங்கே சிதறிக் கிடப்பதைக் கண்டெடுத்ததாகவும், அவற்றை ஒழுங்குபடுத்தி இடைவெளிகளை நிரப்பியதே இந்நாவல் எனவும் அம்முகவுரை கூறுகிறது. எனவே வெர்னியின் கதை ஒரு பதிப்பாசிரியரின் கைவழியாகவே வாசகரை அடைகிறது. எந்த இலை முன், எந்த இலை பின், சிதைந்த இடத்தில் எது இருந்திருக்கும் என்பனவற்றை முடிவுசெய்தவர் அப்பதிப்பாசிரியரே. நூல் எஞ்சுவது மட்டும் போதாது, அதைக் கோத்துப் பொருள்கொள்ளும் ஒருவர் தேவை எனும் கருத்து இவ்வகையின் தொடக்கத்திலேயே இவ்வாறு இடம்பெற்றுவிடுகிறது.

3. நூலகம் உண்டு, வாசகர் இல்லை: ஜாக் லண்டன், ஜார்ஜ் ஸ்டூவர்ட்

ஜாக் லண்டன் எழுதி 1912இல் வெளிவந்த ‘தி ஸ்கார்லெட் பிளேக்’ (செந்நிறக் கொள்ளைநோய்) எனும் குறுநாவலில் நோய் 2013இல் தாக்குகிறது. கதை அறுபது ஆண்டுகள் கழித்துக் கூறப்படுகிறது. கூறுபவர் ஒருகாலத்தில் பெர்க்லியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்த முதியவர். கேட்பவர்கள், விலங்குத்தோல் அணிந்து ஆடு மேய்க்கும் பேரர்கள். முதியவர் நோயின் நிறத்தைக் குறிக்க ஒரு நுட்பமான சொல்லைப் பயன்படுத்தும்போது, சிவப்பைச் சிவப்பு என்றே சொல்லாமல் வேறொரு சொல் எதற்கு எனப் பேரர்களுள் ஒருவன் வினவுகிறான். நகைச்சுவை போலத் தோன்றும் இவ்விடம் மொழி சுருங்கும் முறையைத் துல்லியமாகக் காட்டுகிறது. பொருள்களும் வண்ணங்களும் உலகில் குறையவில்லை. அவற்றை வேறுபடுத்திச் சொல்ல வேண்டிய தேவை உணரப்படாமையால் சொற்கள் உதிர்கின்றன.

அம்முதியவர் ஒரு குகையில் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். எழுத்தறியாதவரும் கற்றுக்கொள்ளும் வகையில் நெடுங்கணக்குக்கு விளக்கமும் எழுதி வைத்திருக்கிறார். ஆயினும் அக்குகை அவருக்கு முழு நம்பிக்கை தரவில்லை. வெடிமருந்து மீண்டும் கண்டுபிடிக்கப்படும், மனிதர் மீண்டும் கொல்லப்படுவர், நூல்கள் இருந்தாலும் அழிந்தாலும் இது நிகழும் என அவர் உணர்கிறார். நூலைக் காத்தவரே அதன் பயனை ஐயுறும் இம்முரண் பின்வந்த நாவல்களில் விரிவடைகிறது.

ஜார்ஜ் ஸ்டூவர்ட்டின் ‘எர்த் அபைட்ஸ்’ (1949) இதே நிலப்பகுதியில் நிகழ்கிறது. ஸ்டூவர்ட் பெர்க்லியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். நாவலின் தலைமைமாந்தரான இஷ், நோயில் தப்பிய ஆய்வு மாணவர். பல்கலைக்கழக நூலகம் சிறிதும் சிதையாமல் இருக்கிறது. எதிர்கால நாகரிகத்தின் விதை அங்கேயே இருப்பதாக இஷ் நம்புகிறார். ஆனால் அவரைச் சுற்றி உருவாகும் சிறு சமூகத்தின் குழந்தைகளுக்கு எழுத்தில் நாட்டமில்லை. கடைகளில் எஞ்சிய உணவுப்புட்டிகள் உள்ளவரை கற்பதற்கான கட்டாயம் அவர்களுக்கு எழவில்லை. ‘அமெரிக்கர்’ எனும் பழைய மக்களை அவர்கள் கடவுளரைப் போல எண்ணுகின்றனர். விரும்பிப் படித்த ஜோயி எனும் ஒரே மகன் குடற்காய்ச்சலில் இறந்ததும் இஷ் தம் பள்ளியை மூடிவிடுகிறார்.

அதன்பின் அவர் செய்யும் செயல் நாவலின் திருப்புமுனை. குழந்தைகளுக்கு வில்லும் அம்பும் செய்து தருகிறார். அவர்கள் அதை விளையாட்டாக ஏற்றுக்கொள்கின்றனர். பின்னாளில் அதுவே அவர்களின் வேட்டைக் கருவியாகிறது. பழைய நாணயங்கள் அம்புமுனைகளாக அடித்துருவாக்கப்படுகின்றன. இலட்சக்கணக்கான நூல்களால் கடத்த முடியாத அறிவை ஒரு விளையாட்டுப் பொருள் கடத்திவிடுகிறது. இது இஷின் தோல்வியா, தெளிவா என்பதை நாவல் முடிவுசெய்யாமல் விடுகிறது. ஒரு சமூகம் தனக்கு வேண்டாத நூலகத்தை மறப்பது இழப்பென்று கூறுபவர் யார், மறந்தவரா, நினைவில் வைத்திருப்பவரா எனும் வினாவே எஞ்சுகிறது.

4. பொருளறியாப் படியெடுப்பு: வால்ட்டர் மில்லர்

இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானக் குழுவில் பணியாற்றிய வால்ட்டர் எம். மில்லர், 1944இல் இத்தாலியின் மோன்ட்டே கசினோ மடாலயத்தைத் தகர்த்த தாக்குதலில் பங்குகொண்டவர். தொன்மையான துறவியர் மடமொன்று இடிந்த அந்நிகழ்வின் சுவடு அவருடைய ‘எ கேன்டிகிள் ஃபார் லைபோவிட்ஸ்’ (1959) நாவலில் தெளிவாகத் தெரிகிறது. அணுப்போருக்குப் பின், அழிவுக்குக் காரணம் அறிவே எனக் கருதிய மக்கள் அறிஞரைக் கொன்று நூல்களை எரிக்கின்றனர். லைபோவிட்ஸ் எனும் பொறியாளர் நிறுவிய துறவியர் சபை, எஞ்சிய ஏடுகளை மறைத்துக் கொண்டுசென்றும் மனனம் செய்தும் காக்கிறது.

நாவலின் முதற்பகுதி அப்போருக்கு ஆறு நூற்றாண்டுகள் கழித்து நிகழ்கிறது. பிரான்சிஸ் எனும் இளந்துறவி, லைபோவிட்ஸ் வரைந்த மின்சுற்று வரைபடமொன்றைக் கண்டெடுக்கிறார். அதே இடத்தில் கடைச்சாமான் பட்டியலொன்றும் கிடைக்கிறது. இரண்டும் ஒரேவகைப் புனிதப் பொருள்களாகப் போற்றப்படுகின்றன. நீலத் தளத்தில் வெண்கோடுகளாக அமைந்த அவ்வரைபடத்தைப் பிரான்சிஸ் பொன்னும் பூங்கொடியுமாக அழகுபடுத்திப் பதினைந்து ஆண்டுகள் படியெடுக்கிறார். அது எதைக் காட்டுகிறது என்பது அவருக்குத் தெரியாது. வழிப்பறிக் கள்வன் அழகிய படியையே மூலமெனக் கருதிக் கவர்ந்துசெல்ல, மங்கிய மூலம் தப்பிவிடுகிறது.

இவ்விடத்தில் மில்லர் பொருளறியாப் படியெடுப்பை எள்ளி நகையாடுவதாகக் கொள்வது முழுமையான வாசிப்பாகாது. பொருளறியாத் துறவியரின் பொறுமையால்தான் அவ்வேடுகள் அடுத்த காலத்தை அடைகின்றன. 3174இல் நிகழும் இரண்டாம் பகுதியில் தாடியோ எனும் அறிஞர் மடத்துக்கு வந்து அவ்வேடுகளைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார். அதே வேளையில் அவருடன் வந்த படைத்தலைவர்கள் மடத்தின் அரண்களை வரைந்துகொள்கின்றனர். பொருள் விளங்கத் தொடங்கும் கணத்திலேயே அது ஆட்சியின் கருவியாகவும் மாறுகிறது. 3781இல் நிகழும் மூன்றாம் பகுதியில் மனிதர் மீண்டும் அணுகுண்டு செய்து மீண்டும் உலகை அழிக்கின்றனர். துறவியர் சிலர் ஏடுகளுடன் விண்கலத்தில் ஏறி வேற்றுலகுக்குச் செல்கின்றனர்.

இம்முடிவு நூற்காப்பாளரின் முன் கடுமையான வினாவொன்றை வைக்கிறது. ஏடுகளைக் காத்தவர்கள் இரண்டாம் அழிவுக்கும் துணைநின்றவர்களா? காத்த அறிவை அரசுகளே பயன்படுத்தின, மடம் பயன்படுத்தவில்லை என விடையிறுக்கலாம். ஆனால் இரண்டாம் பகுதியில் மடத் தலைவருக்கும் தாடியோவுக்கும் இடையே நிகழும் சொற்போர் இவ்விடையை எளிதில் ஏற்கவிடுவதில்லை. உண்மையைத் தேடுபவன் அது எவர் கையில் சேரும் என்பதற்குப் பொறுப்பல்லன் எனும் நிலைப்பாடே முதல் அழிவுக்கு முன்னும் இருந்தது என்பதை நாவல் நினைவூட்டுகிறது.

5. உரை பிறழ்தல்: ரசல் ஹோபன்

மில்லரின் துறவியர் பொருளறியாவிடினும் எழுத்தைப் பிழையின்றிக் காத்தனர். ரசல் ஹோபனின் ‘ரிட்லி வாக்கர்’ (1980) இதற்கு மறுதலையான நிலையைக் காட்டுகிறது. 1974இல் கான்டர்பரி பேராலயத்தில் புனித யூஸ்டஸின் கதையைச் சித்திரிக்கும் பழைய சுவரோவியத்தைக் கண்டதே இந்நாவலுக்கு வித்தாயிற்று. அணுப்போருக்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்த கென்ட் பகுதியே களம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ரிட்லி கதை கூறுகிறான். நாவல் முழுவதும் சிதைந்து உருமாறிய ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளது. வாசகர் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும். இதனால் அழிவின் விளைவை வாசகர் கதையில் அறிவதோடு வாசிப்புச் செயலிலும் உணர்கின்றனர்.

அவ்வுலகில் அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் முதல் மனிதனான ஆதாமின் பெயரும் ஒலியொப்புமையால் ஒன்றாகிவிட்டன. எனவே அணுப்பிளவு, இரண்டாகக் கிழிக்கப்பட்ட சிறு மனிதனின் கதையாக வழங்குகிறது. அறிவியல் உண்மை தொன்மமாக மாறியிருக்கிறது. எனினும் அத்தொன்மம் முழுப் பொய்யன்று. செயலின் விளைவை மறந்த அறிவியலைவிட, பிளந்தவனின் குற்றவுணர்வை நினைவில் வைத்திருக்கும் அத்தொன்மமே நிகழ்ந்ததன் அறத்தை நன்கு காத்திருக்கிறது எனலாம்.

இந்நாவலில் முற்காலத்திலிருந்து எஞ்சிய நூற்பகுதி ஒன்று மட்டுமே. அது சுவரோவியத்தை விளக்கும் எளிய குறிப்பு. ஆட்சித் தலைவனான குட்பார்லி அதற்கு விரிவான உரை கூறுகிறான். அவனுடைய வாசிப்பில் மீட்பரைக் குறிக்கும் சொல் ஒருவகை உப்பாகிறது. உருவம், எண் எனும் இருபொருளும் உடைய ஆங்கிலச் சொல்லுக்கு அவன் எண் என்றே பொருள்கொள்கிறான். பக்திச் சித்திரத்தின் விளக்கம் இவ்வாறு வேதியியல் செய்முறையாக மாறுகிறது. அவனுடைய முறையில் குறை காண்பது எளிதன்று. சொல்லுக்குச் சொல் பொருள் தேடுகிறான், முன்பின் இயைபு காண்கிறான், விளங்காத இடத்துக்கு ஒலியொப்புமையைச் சான்றாக்குகிறான். இல்லாதது ஒன்றே: அவ்வுரையைத் திருத்தக்கூடிய மற்றொரு நூலோ மற்றொரு வாசகரோ அவனுக்கு இல்லை. அவனும் அவனைச் சார்ந்தோரும் தேடிய வெடிமருந்து இறுதியில் கிட்டுகிறது. அதுவே அவனைக் கொல்கிறது.

6. ஒரு நூல், இரு வாசகர்: எமிலி செயின்ட் ஜான் மான்டெல்

எமிலி செயின்ட் ஜான் மான்டெலின் ‘ஸ்டேஷன் இலெவன்’ (2014) நூல், மொழி, வாசகர் மூன்றும் எஞ்சிய நிலையை எடுத்துக்கொள்கிறது. கொடிய காய்ச்சலொன்றுக்கு இருபது ஆண்டுகள் கழித்து, வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையோரக் குடியிருப்புகளில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடித்தும் இசைநிகழ்ச்சி நடத்தியும் ஒரு குழு சுற்றிவருகிறது. விமான நிலையமொன்றில் தங்கியோர், இயங்காத கைப்பேசிகளையும் கடன் அட்டைகளையும் காட்சிக்கு வைத்து அருங்காட்சியகம் அமைக்கின்றனர்.

நாவலின் தலைப்பாக அமைவது அதில் வரும் சித்திரக்கதை ஒன்றின் பெயர். நடிகர் ஒருவர் அதன் படிகளை இருவருக்குத் தந்திருந்தார். ஒருவர் அவருடன் மேடையேறிய சிறுமி கிர்ஸ்டன், மற்றவர் அவர் மகன் டைலர். கிர்ஸ்டன் நாடகக் கலைஞராகிறாள். டைலர், அழிவு இறைவனின் தீர்ப்பு என முழங்கும் கொடிய சமயத் தலைவனாகிறான். இருவரும் அதே சித்திரக்கதையை வரிவரியாக மனத்தில் கொண்டவர்கள். பாடத்தில் வேறுபாடு இல்லை, மொழியும் மாறவில்லை. வேறுபட்டது அவர்கள் வாசித்த சூழல். கிர்ஸ்டன் பலரோடு கூடி, பல நூல்களினிடையே அதை வாசித்தாள். டைலர் அதையும் மறைநூலின் இறுதிப் பகுதியையும் தனக்கு மட்டும் வந்த செய்தியாக வாசித்தான். நூல் பிழையின்றிக் காக்கப்பட்டாலும் அதன் பயன் வாசகச் சமூகத்தின் இயல்பைப் பொறுத்தது என்பதை இவ்விணை காட்டுகிறது.

7. தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் ஒளியில்

இவ்வினாக்கள் தமிழாய்வுக்குப் புதியன அல்ல. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியும் எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. எனவே சுவடியைப் படிப்பதே பொருள் அறிந்து செய்யவேண்டிய செயலாக இருந்தது. பொருளறியாது படியெடுத்தவர் கையில் பாடவேறுபாடுகள் பெருகின. அதே வேளையில், அவ்வாறு படியெடுத்தோர் இல்லையெனில் பல நூல்கள் அச்சுக் காலத்தை எட்டியிரா. பிரான்சிஸின் பதினைந்தாண்டு உழைப்பைத் தமிழ்ப் பதிப்புத்துறையினர் நகைப்பின்றி அணுக இயல்வது இதனால்தான்.

1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு இதற்கு மேலும் பொருத்தமான சான்று. உ.வே. சாமிநாதையருக்கு மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்திருந்தன. ஆயினும் சமண சமயக் கலைச்சொற்களும் கருத்துகளும் அவருக்குத் தெளிவாக விளங்கவில்லை. கும்பகோணத்தில் அந்நூலை இடையறாது ஓதிவந்த சமணக் குடும்பத்தினரை அணுகியே அவர் ஐயம் தெளிந்தார். ஏடு ஓரிடத்திலும் அதன் பொருள் வேறொரு சமூகத்தின் வாழ்விலும் இருந்தன. இரண்டும் கூடியபோதே நூல் மீண்டது. குட்பார்லிக்கு வாய்க்காதது இதுவே. அவனுக்கு ஏடு கிடைத்தது, அதை ஓதிவந்த குடும்பம் கிடைக்கவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச்சுவடிகளும் அரிய நூல்களும் அழிந்தன. அங்கே நிகழ்ந்தது ஸ்டூவர்ட் காட்டிய நிலைக்கு நேரெதிரானது: வாசகச் சமூகம் உயிரோடிருக்க, நூல் அழிந்தது. பேரழிவுப் புனைவுகள் கற்பனையில் பிரித்துக் காட்டும் உறுப்புகளை வரலாறும் பிரிக்க வல்லது என்பதற்கு இது சான்று. மறுபதிப்பில்லாத ஏட்டை அதன் வாசகர் மனத்திலிருந்து மட்டும் மீட்டுவிட இயலாது. ஆகவே பொருளைக் காத்தல் முதன்மையானது எனும் வாதம் உருவைக் காக்கும் கடமையைத் தளர்த்துவதாகக் கொள்ளப்படலாகாது.

8. முடிவுரை

ஆய்ந்த ஆறு நாவல்களும் நூற்காப்பின் மூன்று படிநிலைகளை வேறுபடுத்திக் காட்டுகின்றன. முதலாவது, உருவைக் காத்தல். லண்டனின் முதியவரும் மில்லரின் துறவியரும் இதனைச் செய்கின்றனர். இரண்டாவது, பொருளைக் காத்தல். இது நூலைவிடப் பெரிதும் கற்பிக்கும் உறவையும் கற்பதற்கான தேவையையும் சார்ந்தது என்பதை ஸ்டூவர்ட்டும், திருத்துவோர் இன்றித் தனித்து நிற்கும் உரையின் ஆபத்தை ஹோபனும் காட்டுகின்றனர். மூன்றாவது, பொறுப்பைக் காத்தல். உருவும் பொருளும் மீண்ட பின்னரும் மில்லரின் உலகம் மீண்டும் எரிகிறது. மான்டெலின் டைலர் பிழையற்ற நூலிலிருந்தே வன்முறையைப் பெறுகிறான்.

இம்மூன்றனுள் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. சுவடிகளையும் அச்சு நூல்களையும் மின்வடிவில் சேமிக்கும் பணிகள் இன்று முதற்படிநிலையை விரைவுபடுத்தியுள்ளன. அவ்வளவில் அவை போற்றத்தக்கன. ஆயினும் சேமிக்கப்பட்ட நூலைப் படித்துப் பொருள்கூற வல்லவர் எத்தனை பேர் உருவாகின்றனர், அவர்கள் ஒருவரையொருவர் திருத்தும் சூழல் நிலவுகிறதா என்பன அப்பணிகளால் மட்டும் விடைபெறும் வினாக்கள் அல்ல. ஸ்டூவர்ட்டின் பெர்க்லியில் நூலகம் ஒருநாளும் எரியவில்லை. அதைப் படிக்க ஜோயி ஒருவனே இருந்தான் என்பதே அந்நாவல் கூறும் இழப்பு.